முளைப்பாரி வட்டமும் கலைத் திருவிழா மேடையும்

2010 மே மாதம் தென்கொரியாவின் சியோல் நகரில் கலைக்கல்வி பற்றிய இரண்டாவது உலக மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 2011-ல் யுனெஸ்கோ பொதுமாநாடு ஒரு முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மே மாதத்தின் நான்காவது வாரம் உலகக் கலைக்கல்வி வாரமாகக் கொண்டாடப்படும் என்று அறிவித்தது. கொரியாவில் மே மாதம் வசந்தகாலம். பள்ளிக்கூடம் நடக்கிற காலம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மே நான்காவது வாரம் என்றால் கத்திரி வெயில் இன்னும் கழியாத நேரம். பள்ளிக்கூடத்துக் கதவில் பூட்டுத் தொங்கும்.

இதற்காக யுனெஸ்கோவைக் குறை சொல்வதற்கில்லை. உலகத்துக்கெல்லாம் பொருந்துகிற ஒரு வாரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மானாவாரிச் சீமையில் கலைக்கான பருவமே அந்தக் கோடைதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்து, பாசி, சோளம், கம்பு, மல்லி எல்லாம் தை, மாசிக்குள் வீடு வந்து சேர்கின்றன. அதன் பிறகுதான் சம்சாரி கையில் கொஞ்சம் காசும் உடம்பில் கொஞ்சம் ஓய்வும். பங்குனியில் தொடங்கி வைகாசி வரைக்கும் ஊர் ஊராகப் பொங்கல் சாட்டுவார்கள். கரகாட்டம், ஒயிலாட்டம், நையாண்டி மேளம், விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் அடங்கும். பள்ளிக்கூடம் திறந்திருக்கிற மாதங்களில் ஊர் மந்தை சும்மா கிடக்கும். மந்தை களைகட்டுகிற மாதத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும். கலையும் கல்வியும் இங்கே ஒன்றையொன்று சந்திக்காததற்குப் பெரிய தத்துவக் காரணம் தேட வேண்டாம். முதல் காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்பட்டது 2023-ல். பிரதமர் மித்ரா திட்டத்தில் நாடு முழுவதும் அமைக்கப்படும் ஏழு ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று இங்கே 1,052 ஏக்கரில் வரப்போகிறது என்ற செய்தி அப்போது வந்தது. அதற்கு முன் அது மழையைப் பார்த்து வானத்தை அண்ணாந்திருக்கும் பல ஊர்களில் ஒன்று. இப்படிப்பட்ட ஊரின் அரசுப் பள்ளியில் ஒரு வாரம் கலை விழா நடத்தினால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை யோசிக்க, முதலில் அந்த ஊர் வழக்கத்திலேயே இருக்கிற ஒரு கலை வாரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

முளைப்பாரியைச் சொல்கிறேன். பொங்கல் சாட்டிக் காப்புக் கட்டியதும் மண் ஓட்டில் வைக்கோல் பரப்பி, எருவும் மண்ணும் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம் என்று கலந்து விதைப்பார்கள். வெயில் படாத ஒரு வீட்டுக்குள் அடுக்கி, பக்குவம் தெரிந்த ஒரு பெண்மணி பொறுப்பில் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் நாற்று வெளிறிப்போய், நெடுநெடுவென்று வளரும். அது வளர்கிற ஒரு வாரம், ஒன்பது நாள் இரவுகளிலும் பெண்கள் கூடி வட்டம் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பிறகு ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கண்மாயிலோ கிணற்றிலோ கரைப்பதோடு சரி.

அந்த வட்டத்தின் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று கவனித்தால் பாடம் புரியும். ஏழு, எட்டு வயசுப் பிள்ளைகள் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். முதல் நாள் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். முன்னால் போகிற அக்காவின் முழங்கையைப் பார்த்தே குனிவதும் நிமிர்வதும். அதட்டுவாரும் இல்லை, மெச்சுவாரும் இல்லை. மூன்றாம் நாள் அடி விழுகிற இடத்தில் கைதட்டலும் விழத் தொடங்கும். ஐந்தாறு நாளில் பாட்டின் பின்வரி வாயில் வந்துவிடும். அடுத்த வருசம் அதே பிள்ளை வாலிலிருந்து நாலு இடம் முன்னால் நகர்ந்திருப்பாள். பத்து, பதினைந்து வருசம் கழித்துப் பாட்டெடுத்துக் கொடுப்பவளாகவும் அவளே இருக்கலாம். இங்கே தேர்வுச் சுற்று என்று ஒன்று கிடையாது. பாடத் தெரியாதவள், தாளம் பிசகுகிறவள் எல்லாருக்கும் வட்டத்தில் இடம் உண்டு. அதனால்தான் கற்றுக்கொள்வதற்கு அங்கே வழி இருக்கிறது.

இப்போது அரசின் கலைத் திருவிழாவுக்கு வருவோம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2022 நவம்பரில் இதைத் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றிருந்தது, 2024-25 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாருக்கும் விரிந்தது. பள்ளி அளவு, வட்டார அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு என்று பல படி. ஓவியம், களிமண் சிற்பம், வாய்ப்பாட்டு, தோற்கருவி, துளைக்கருவி, நாட்டுப்புற நடனம், நாடகம், கதை சொல்லுதல், கவிதை என்று நீண்ட பட்டியல். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் உண்டு.

இது சின்ன காரியம் இல்லை. தனியார் பள்ளி ஆண்டு விழாவை மதிலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியும் மேடையும் நடுவரும் கிடைத்திருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தின் 11 ஒன்றியங்களில் எதிலாவது வட்டாரப் போட்டி நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். வராந்தாவில் ஜிகினா பாவாடையோடு உட்கார்ந்து டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு தின்னும் பிள்ளைகள், ஒருத்திக்கு மையெழுதிவிடும் கணக்கு டீச்சர், செல்போனில் பாட்டு ஏறவில்லை என்று அலைகிற சார், மேக்கப் கலைந்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை. அந்த நாளுக்காகப் பத்து நாளாகத் தூங்காமல் கிடந்த பிள்ளைகள் அவர்கள். டிரஸ் வாடகை, வேன் வாடகை என்று ஆசிரியர்கள் கைக்காசு போட்டதை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பெயரேற்றுவதற்கு மட்டும் இடம் உண்டு.

ஆனால் போட்டிக்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பிள்ளையை அது கண்டெடுக்கும். தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அதற்கு நேரம் இருக்காது. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. பள்ளி அளவில் தோற்ற பிள்ளைக்குக் கலைத் திருவிழா ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. முளைப்பாரி வட்டத்தின் வாலில் நின்ற பிள்ளைக்கு இங்கே நிற்க இடமில்லை.

இந்தப் பாதையில் நமக்கு வெகு முன்னால் போனவர்கள் மலையாளிகள். கேரளப் பள்ளிக் கலோற்சவம் 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. 1958-ல் வாய்ப்பாட்டில் முதல் பரிசு வாங்கிய மாணவர் யேசுதாஸ், மிருதங்கத்தில் முதல் பரிசு வாங்கியவர் ஜெயச்சந்திரன் என்ற ஒரு செய்தியே போதும், அந்த மேடையின் பெருமைக்கு. வெல்லும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை உண்டு. 1986-ல் அங்கே கலாதிலகம், கலாபிரதிபா என்று பட்டங்கள் கொண்டுவந்தார்கள். இருபது வருசத்துக்குள் பெற்றோர்களின் பணப்போட்டி, நடுவர் மீது புகார், நீதிமன்றம் வரை போகும் மேல்முறையீடு என்று விழா நாறத் தொடங்கியதும் அந்தப் பட்டங்களைக் கைவிட்டு, தரவரிசைக்குப் பதில் கிரேடு முறைக்கு மாறினார்கள். அவர்கள் கழற்றி வைத்ததை ஒத்த கலையரசன், கலையரசிப் பட்டங்களை நாம் 2022-ல் எடுத்துச் சூட்டிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு அனுபவத்தைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அவர்களிடமிருந்து கற்க வேறு நல்லதும் இருக்கிறது. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோற்சவத்தில் பணியர், இருளர் முதலான பழங்குடிகளின் ஐந்து ஆட்டவகைகளை முதன்முறையாகப் போட்டிப் பட்டியலில் சேர்த்தார்கள். அறுபதாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் ஆட்டம் மேடையேற.

சரி, ஒரு வாரத்தில் முடிந்துபோகிற விழாவுக்குப் பிறகு வருசம் முழுக்க யார் சொல்லிக்கொடுப்பது? விசயத்தின் கரு இங்கேதான் இருக்கிறது. 2009-ன் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் ஒரு வரி கிடைக்கும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால், கலைக்கல்வி, உடற்கல்வி, கைத்தொழில் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது சட்டம். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் கலை ஆசிரியர் பற்றிப் பேச்சே இல்லை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராம நடுநிலைப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு அந்த நூறு என்ற எண்ணின் பொருள் தெரியும். மூன்று வகுப்புக்கு நூறு பிள்ளைகள் என்பது பல ஊர்களில் எட்டாக் கணக்கு. பிழைப்புக்காக மதுரைக்கும் திருப்பூருக்கும் குடும்பமாகப் போனவர்கள், அருப்புக்கோட்டை இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் போகும் பிள்ளைகள் போக மிச்சமிருப்பவர்களை வைத்து நடக்கும் பள்ளிகள் அவை. கலை ஆசிரியர் அதிகம் தேவைப்படுகிற சின்னப் பள்ளியைச் சட்டமே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

நூறு தாண்டிய பள்ளிகளின் கதையும் அப்படியொன்றும் செழிப்பில்லை. அந்தச் சட்டத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்வி என்று பல பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அது படிப்படியாக 10,000, 12,500 என்று ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத ஆண்டு அபூர்வம். அவர்களுடைய நெடுநாள் முறையீடுகளில் ஒன்று, மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பது. உலகம் கலைக்கல்வி வாரம் கொண்டாடுகிற அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டு ஓவியப் பயிற்றுநர் பலசரக்குக் கடையில் கடன் சொல்லிவிட்டு வருவார்.

எந்தக் கலைகளுக்கு ஆசிரியர் பணியிடம் உண்டு என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கியபோது, கைத்தொழிலுக்குத் தேவையான வரைதிறன் உள்ள ஆட்களை உருவாக்குவது அதன் நோக்கங்களில் ஒன்று. நம் பள்ளிக்கூடத்துக்குள் கலை நுழைந்ததும் பெரும்பாலும் அந்த வாசல் வழியேதான். டிராயிங் மாஸ்டர், தையல் டீச்சர், பாட்டு டீச்சர் என்று பணியிடங்கள் வந்தன. நாடகத்துக்கும் ஆட்டத்துக்கும் வரவில்லை. அவை கூத்தாடிகளின் வேலையாக ஒதுங்கியிருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நடத்தத் தொடங்கியபோது, சிறுவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடமும் வீடும் ஆனது. டி.கே. சண்முகம் ஆறேழு வயதில் அங்கே சேர்ந்தார். பாட்டு, வசனம், உச்சரிப்பு, மனனம் எல்லாம் கடுமையான பயிற்சி. ஆனால் நடிக்கப் போன பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு நாடகம் இல்லை. அந்தப் பிளவு, பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட அத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களோடு முடிந்துவிடவில்லை. சூசன் சீசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி 2005-ல் வெளியிட்ட நூலின் பெரும்பகுதி, அவர்கள் தலையில் ஊர் ஏற்றிவைத்த இழிவைப் பற்றியதே. நாடகக்காரர் தம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா தொழில் என்ற இடத்தில் வேறொன்றை எழுதச் சொன்னால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

கலைக்கு இடம் கேட்பவர்கள் இதற்கெல்லாம் எளிதான ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள்: கலை படித்தால் மற்ற பாடங்களில் மார்க் ஏறும் என்பார்கள். இந்த வாதத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோவில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 1950 முதல் 1999 வரை வந்த 188 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். கலைப் பயிற்சியால் பொதுவாக மதிப்பெண் உயர்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. விதிவிலக்காகத் தெளிவாக நின்றவற்றில் ஒன்று வகுப்பறை நாடகம். கதையை நடித்துப் பார்க்கும் பிள்ளைகளின் மொழித்திறன் கூடுகிறது, அதுவும் அவர்கள் நடித்துப் பார்க்காத புதிய பாடத்தைப் படிக்கும்போதுகூட. எதற்குப் பணியிடமே இல்லையோ அதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது.

இன்னொரு ஆய்வு நம் விசயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த 10,548 பிள்ளைகளை வைத்து டேனியல் போவன், பிரையன் கிசிடா இருவரும் செய்து 2019-ல் வெளியிட்டது அது. எந்தப் பள்ளிக்குக் கூடுதல் கலை அனுபவம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஊரிலுள்ள கலைஞர்களும் கலை அமைப்புகளும் அந்தப் பள்ளிகளோடு இணைந்து வேலை செய்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் பிள்ளைகளின் விகிதம் 3.6 புள்ளி குறைந்தது, எழுத்துத் திறன் கூடியது, பிறர்மேல் பரிவும் கூடியது. கணக்கு மார்க் தாவிவிடவில்லை. இந்த முடிவுகள் ஒரு வார விழாவால் வந்தவை அல்ல என்பதை நான் அடிக்கோடிட்டுப் படிக்கிறேன். உள்ளூர்க் கலைஞர் பள்ளிக்குள் நடமாடியதால் வந்தவை அவை.

கரிசல் காட்டில் அப்படி நடமாடக்கூடிய ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒயில் வாத்தியார், உருமிக்காரர், கும்மிப் பாட்டெடுக்கும் ஆச்சி, நாடகத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று பல ஊரிலும் இரண்டொருவராவது மிச்சமிருக்கிறார்கள். ராஜகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டம் பாட்டே இல்லாமல் தேவதுந்துமியின் அடிக்கு மட்டும் ஆடப்படுவது. அந்தச் சமூகத்துச் சடங்குகளுக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. அதை வெளி மேடைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் ஜமீன் கோடாங்கிபட்டி குமாரராமன் முக்கியமானவர். இன்று பள்ளி விழாக்களில் சகஜமாகத் தேவராட்டம் பார்க்க முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படிச் சொல்லிக்கொடுத்த ஆட்கள் உண்டு. யூடியூபைப் பார்த்து ஆடிய குழுவுக்கும் வாத்தியார் காலைப் பார்த்து ஆடிய குழுவுக்கும் உள்ள வித்தியாசம் பத்தே அடியில் தெரிந்துவிடும். முதல் குழுவின் கண் ஸ்பீக்கர் பக்கம் இருக்கும். இரண்டாவது குழு துந்துமிக்காரரின் கையைப் பார்க்கும்.

முளைப்பாரி வட்டத்தை நான் மெச்சியதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் ஊர்ப் பெருமை பேசுவதாகிவிடும். பல ஊர்களில் அந்த வட்டம் ஒரு தெருவுக்குரியது, ஒரு சாதியின் கோயிலுக்குரியது. வட்டத்துக்கு அடி கொடுக்கும் பறையும் உருமியும் அடிப்பவர்களின் பிள்ளைகள் அதற்குள் கைகோக்க முடியாது. வேறு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே வட்டம் சுற்றுவதற்கு ஊரில் இருக்கிற ஒரே பொது இடம் பள்ளிக்கூடத்துத் திடல்தான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். டெல்லியில் கிடைத்த அந்த மரியாதை, ஒரு நடுநிலைப் பள்ளியில் பறை கற்றுக்கொடுக்க ஒருவரை உள்ளே அழைத்து, அவரைச் சார் என்று பிள்ளைகள் கூப்பிடுகிற அளவுக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. அது நடக்கிற ஊரில் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேறு தெருப் பிள்ளை ஒருத்தன் பறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அங்கே ஒரு சண்டை மூளுமே, அந்தச் சண்டை கட்டாயம் மூள வேண்டிய ஒன்று.

கல்வித் துறையிடம் இதற்கான பணம் இல்லை என்று சொல்வார்கள். விழிப்புணர்வு ஊட்ட வேண்டுமென்றால் மட்டும் துறைக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் ஞாபகம் வருகிறது. 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது ஊர் ஊராகக் கலைக்குழுக்களை அனுப்பி, பறையடித்து, பிள்ளைகளைக் கூட்டினார்கள். அடித்தவர்கள் செய்தியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கலைத் திருவிழாவுக்கான நாள் குறிக்கும் உரிமையை வட்டாரங்களுக்கே கொடுத்து, பள்ளி அளவிலான வாரத்தை மட்டுமாவது மாசி, பங்குனிக்கு நகர்த்தினால்கூடப் பாதி வேலை முடியும். அப்போது ஊரில் பயிற்சி நடந்துகொண்டிருக்கும், சலங்கையும் துந்துமியும் பரணிலிருந்து இறங்கியிருக்கும், வாத்தியாரும் ஊரில் இருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் அவரைத் தேடினால் களையெடுப்புக்கோ உழவுக்கோ போயிருப்பார். தேர்வு நெருங்குகிறதே என்று பெரிய வகுப்பு ஆசிரியர்கள் ஆட்சேபிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்த ஆட்சேபணை செல்லாது.

ஜவுளிப் பூங்கா சொன்னபடி வந்துவிட்டால் குமாரலிங்கபுரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளின் வருகைப் பதிவேடு மாறும். திருப்பூரில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வரும், பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் சேர்வார்கள். சட்டம் கேட்கிற நூறு என்ற எண்ணைச் சில பள்ளிகள் அப்போது தாண்டக்கூடும், ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கு அவை உரிமை கோரலாம். கும்மிப் பாட்டின் ஒரு சொல்லும் புரியாத பிள்ளை ஒருத்தி அந்த வகுப்பில் இருப்பாள். அவளுடைய அம்மாவுக்கும் தன் ஊர்ப் பண்டிகைப் பாட்டு நாலு தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்து வட்டத்தில் அவளை எந்த இடத்தில் நிறுத்துவது, அவள் அம்மாவை எந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொல்வது என்பதைத் தலைமையாசிரியர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு எமிஸில் இன்னும் கட்டம் போடவில்லை.